பவளத்துக்கா லைட்டு, பந்தாவுக்கா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும். சென்னையில் வீட்டுப் பவளத் தொட்டிக்கு அரை லட்சம் ரூபாயில் எல்.இ.டி. லைட் வாங்குகிற ஆசாமி இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார். தேவையே இல்லாத வெளிச்சத்துக்குக் காசைக் கொட்டுகிறார். இல்லையென்றால், சட்டப்படி வீட்டில் வைத்திருக்கவே கூடாத ஒரு உயிரை வளர்க்கத் தயாராகிறார். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

"பி.காம். படிக்கிற பையனுக்குப் பவளத்தைப் பற்றி இன்னா தெரியும்?" நியாயமான கேள்விதான். மூலக்கொத்தளத்தில் எங்கள் தெருவில் நின்றால் பேசின் பிரிட்ஜ் ரயில் சத்தம் வரும், காற்று சரியாக அடித்தால் காசிமேட்டு வாசம் வரும். பவளம் வராது. ஆனால் காலேஜ் முடிந்து சாயங்காலத்தில் ஒரு வண்ண மீன் கடையில் கணக்கு எழுதப் போகிறேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், இருக்கிற சம்பளமும் போய்விடும் :-) அங்கே பில் போட்டுப் போட்டுக் கவனித்த விஷயம் இது. மீன் வாங்க வருகிறவர் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுவார். உப்பு வாங்குகிறவர் பக்கத்துக் கடையில் விலை கேட்டுவிட்டு வருவார். லைட் வாங்க வருகிறவர் மட்டும் பேரமே பேச மாட்டார். அதை ஒரு பொருளாக நினைத்து வாங்குவதில்லை, தன் தகுதிச் சான்றிதழாக நினைத்து வாங்குகிறார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பவளத்துக்கு எதற்கு லைட்? பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்கிற நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தை வைத்துச் சமைக்கிறது, பவளம் அதில் சாப்பிடுகிறது. வீட்டுக்காரருக்கு வாடகையாகச் சாப்பாடு போடும் குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நாம் லைட் வாங்குவது அந்தப் பாசிக்கு. பாசிக்கு வேண்டியது 400லிருந்து 700 நானோமீட்டர் வரையிலான வெளிச்சத் துகள்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்று எண்ணுவதைத்தான் தொட்டிக்காரர்கள் சுருக்கமாக 'பார்' என்கிறார்கள். வெப்பமண்டலத்து உச்சி வெயில் தரையில் சுமார் 2000 பார். கடலுக்குள் இறங்க இறங்க முதலில் சிவப்பு காணாமல் போகும், நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால்தான் பவளத் தொட்டி லைட்டெல்லாம் நீலமாக இருக்கிறது.

இந்த நீலத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானில் நிச்சியா கம்பெனியில் இருந்த ஷூஜி நகமுரா 1993ல் கொண்டுவந்தார். அகாசாகி, அமானோ இருவரோடும் சேர்த்து 2014ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. அதற்கு முன் பவளத் தொட்டி என்றால் மெட்டல் ஹாலைடு. 250 வாட், பக்கத்தில் நின்றால் முகம் வேகும். எல்.இ.டி. வந்தது நல்ல காலம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அதை விற்கிற மொழியோடு.

பெட்டியில் என்ன போட்டிருக்கிறது? 165 வாட் என்று. திறந்து எண்ணினால் உள்ளே 55 எல்.இ.டி., ஒவ்வொன்றும் 3 வாட் தாங்கக்கூடியது. 55ஐ 3ஆல் பெருக்கினால் 165. ஆனால் ஒரு எல்.இ.டி.யும் அந்த 3 வாட்டில் ஓடுவதில்லை. சுவரில் மீட்டர் வைத்து அளந்தால் நூற்றுச் சொச்சத்தில் நிற்கும். கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்கு ஒரே வரியில் புரியும். 165 என்பது அங்கீகரிக்கப்பட்ட மூலதனம். உண்மையில் ஓடுவது செலுத்தப்பட்ட மூலதனம். முதல் எண்ணைப் பார்த்துவிட்டு யாராவது ஷேர் வாங்குவார்களா? லைட் வாங்குகிறார்கள்.

அடுத்தது லுமன். இது வாட்டை விட மோசம். லுமன் என்பது மனிதக் கண்ணுக்காக உண்டாக்கிய கணக்கு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் அதிகப் பிரகாசம், அதை உச்சமாக வைத்துத்தான் லுமனை எண்ணுகிறார்கள். 450 நானோமீட்டர் நீலத்தில் அதே அளவு ஆற்றலைக் கொடுத்தால், பச்சைக்குக் கிடைக்கும் லுமனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. பாசிக்கோ அந்த நீலம்தான் விருந்து. ஆக, லுமன் அதிகம் என்று போட்டு விற்கிற லைட் உங்கள் கண்ணுக்கு நல்ல லைட். பவளத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. செல்போனில் லக்ஸ் ஆப் வைத்து அளப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கடைக்காரர்களின் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் எரிய விடுவார்கள். பவளம் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் தீப்பிடித்த மாதிரி ஒளிரும். வாடிக்கையாளர் வாயைப் பிளப்பார். அது பவளத்தின் உடம்பில் இருக்கும் ஒளிரும் புரதங்களின் வேலை. நீலத்தை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தைத் திருப்பி விடுகின்றன. 1999ல் ரஷ்ய விஞ்ஞானிகள் டிஸ்கோசோமா என்ற மஷ்ரூம் பவளத்திலிருந்து ஒரு சிவப்புப் புரதத்தைப் பிரித்தார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் ஆய்வுக்கூடங்களில் செல்களுக்கு அடையாளம் போட அதையும் அதன் வாரிசுகளையும் பயன்படுத்துகிறார்கள். கவனியுங்கள், அந்தப் பிரமாத நிறம் வந்தது மஷ்ரூமிலிருந்து. குறைந்த வெளிச்சத்திலேயே சௌக்கியமாக இருக்கிற, தொட்டிக்காரர்கள் 'ஆரம்பக்காரன் ஐட்டம்' என்று ஒதுக்குகிற அதே மஷ்ரூம். நிறம் தெரிய நீலம் இருந்தால் போதும், பலம் தேவையில்லை.

இப்போது யாருக்கு எவ்வளவு பார் என்று பார்ப்போம். மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர் மாதிரியான மென்மையான வகைகளுக்கு 50லிருந்து 150 போதும், மஷ்ரூமுக்கு அதிலும் கீழ்க்கோடி. பெரிய பாலிப் உள்ள கல் பவளங்களுக்கும் (ஹேமர், டார்ச் என்று பேர் வைத்திருப்பார்கள்) ஏறக்குறைய அதே அளவுதான். அக்ரோபோரா மாதிரிச் சின்ன பாலிப் கல் பவளங்களுக்குத்தான் 200, 300 என்று ஏற வேண்டும். அந்த அரை லட்ச ரூபாய் லைட்டின் நியாயமே இந்தக் கடைசி வகைதான். ரேடியான், கெஸில் என்று பேர் சொல்லிப் பேசுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "நாளைக்கு அக்ரோ வைக்கணும்னா இதான் தாங்கும்" என்பார்கள்.

இங்கேதான் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறேன்.

1972ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், 2001ல் பவளங்களைச் சேர்த்தார்கள். பாறை கட்டும் பவளங்கள், அதாவது ஸ்க்ளராக்டீனியா அனைத்தும். கூடவே கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி. 'அனைத்தும்' என்ற சொல் அங்கே சும்மா கிடக்கவில்லை. இந்தோனேஷியாவில் பிறந்ததா, மண்டபத்தில் பிறந்ததா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. அக்ரோபோரா ஸ்க்ளராக்டீனியாதான். மோன்டிபோராவும் அதுதான். ஹேமரும் டார்ச்சும்கூட அதுதான். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு மூன்றிலிருந்து ஏழு வருடம் சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். செத்த பவளத்தின் வெள்ளை எலும்புக்கூட்டை அலங்காரத்துக்கு விற்பதும் இதில் அடக்கம். அதைத் தெரியாமலே ஷோகேஸில் வைத்திருக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனையோ.

ஆக, மென்மையான வகைகளோடு நிற்கிறவருக்கு அந்த லைட் தேவையில்லை. அந்த லைட் யாருக்குத் தேவையோ, அவர் வைத்திருப்பது முதல் அட்டவணை. நான் சொன்ன இரண்டு வழி இதுதான்.

"என் காசு, என் லைட்டு, சும்மா மாட்டி வெச்சா என்ன தப்பு?" என்று ஒரு அண்ணன் கேட்டார். எக்கனாமிக்ஸ் பேப்பரில் கூட்டுப் பொருள் என்று ஒரு பாடம் வரும். பேனா வாங்கினவன் மை வாங்குவான். 300 பார் கொடுக்கிற லைட்டை மாட்டிவிட்டு அதன் கீழே மஷ்ரூமை வைத்தால் மஷ்ரூம் சுருங்கி நிழலைத் தேடும். அண்ணனுக்கு உடனே மனசு அரிக்கும், இவ்வளவு லைட் இருந்தும் ஒரு அக்ரோ இல்லையே என்று. கடைக்காரருக்கு அது தெரியும். லைட் விற்பதே அடுத்த மாதம் கல் பவளம் விற்கத்தான். பவளத்துக்குப் பில் இருக்காது, அல்லது பில்லில் 'அலங்காரக் கல்' என்று இருக்கும். பில் போடுகிறவன் சொல்கிறேன், பில்லில் சரியான பேர் எழுத முடியாத பொருளைக் கையில் வாங்காதீர்கள்.

இதெல்லாம் ஏதோ தூரத்து ஊர்க் கதை என்று நினைப்பவர்களுக்காக மன்னார் வளைகுடாவைச் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை வரிசையாக 21 தீவுகள், 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தைப் பல வருடங்கள் வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்தார்கள், தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்கள். தடுப்பாக நின்ற பாறை போனதும் அலை நேராக மணலில் வந்து அடித்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தமிழ்நாட்டு வரைபடத்தில் இரண்டு தீவைக் கரைத்துவிட்டுத்தான் 2005 வாக்கில் அந்த வெட்டு நின்றது. அப்படி மிச்சமான பாறையும் 2010லும் 2016லும் கோடைச் சூட்டில் வெளுத்தது. ஒவ்வொரு துண்டும் எண்ணி எண்ணிக் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருக்கிற கடலை நாம் வைத்திருக்கிறோம். அதன் கரையில் இருந்துகொண்டு 'அக்ரோ ஃப்ராக் கிடைக்குமா பாஸ்' என்று கேட்கிறோம்.

எதிர்க்கட்சியின் வாதங்களில் ஒன்றை மட்டும் மதிக்கிறேன். "வெளிநாட்டில் பவளத்தைத் துண்டு போட்டுப் பண்ணையில் வளர்க்கிறார்கள், கடலில் கைவைப்பதே இல்லை. தொட்டிக்காரர்கள் கற்ற வித்தைதான் இன்று பவள மீட்புக்கும் உதவுகிறது" என்கிறார்கள். உண்மைதான். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் நீமோ மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் செய்தது. கடலில் பிடிக்காமல் தொட்டியில் பிறந்த மீன் விற்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். பவளத்துக்கும் உரிமம் கொடுத்து, கணக்கு வைத்து, அப்படி ஒரு பண்ணை வரட்டும் என்று கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கேட்கிறவர் தன் பெயரைப் போட்டு அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். தெர்மாகோல் டப்பாவில் ராத்திரி வந்து இறங்குகிற துண்டுக்கு இந்த வாதம் பொருந்தாது. அது பண்ணையில் வளர்ந்ததா, பாறையில் உடைத்ததா என்று டப்பாவைத் திறந்து யாரும் சொல்லிவிட முடியாது.

சரி, சட்டத்தை விடுங்கள். காசுக் கணக்காவது சரியா வருகிறதா? இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், சுமார் 125 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து ஃபிளாட்டுகளில் அதற்கு மேல் இடமும் கிடையாது, தரை தாங்குமா என்பதும் சந்தேகம். 100 வாட் லைட் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் எரிந்தால் 0.8 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 48 யூனிட். இப்போது சில்லருக்கு வாருங்கள். பவளத்துக்குத் தண்ணீர் 25லிருந்து 27 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதம் ராயபுரத்தில் மாடி வீட்டில் தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, குழாயில் பிடித்தாலே டீ போடலாம். 200 வாட் இழுக்கும் சில்லர் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடினால் 2.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 168. லைட்டைப் போல மூன்றரை மடங்கு. அந்த யூனிட்டுகள் உங்கள் பில்லை அடுத்த ஸ்லாபுக்குத் தூக்கிப் போடும். (அந்தக் கரண்டுக்கு அத்திப்பட்டில் நிலக்கரி எரிந்து, சாம்பல் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து சேர்வது தனிக்கதை. பவளத்தைக் காதலிக்கிறவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.)

ஆனால் பட்ஜெட் போடும்போது என்ன நடக்கிறது? லைட்டுக்கு முதல் பங்கு. சில்லர் "அப்புறம் பார்த்துக்கலாம்". இன்வெர்ட்டர் பட்டியலிலேயே கிடையாது. இது வெறும் காசு வீண் இல்லை, பவளத்தைக் கொல்லும் வழி. பவளம் வெளுப்பது சூட்டால் மட்டும் இல்லை, சூடும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் வேகமாக வெளுக்கும். தண்ணீர் சூடானதும் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறும். அந்த நேரத்தில் மேலே இருந்து பலமான வெளிச்சம் அடித்தால் விஷமான ஆக்ஸிஜன் பொருட்கள் உண்டாகும், பவளம் பாசியைத் துப்பிவிடும். சில்லர் இல்லாத தொட்டியில் பெரிய லைட் என்பது காய்ச்சல்காரனை வெயிலில் நிறுத்துவது. அதே காசில் சின்ன லைட்டும் சில்லரும் வாங்கியிருந்தால் அது பிழைத்திருக்கும்.

கரண்ட் கட் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த தெருக்கள் உண்டு. கடல் தொட்டியில் தண்ணீர் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், ஒன்று செத்தால் அது அழுகி மற்றதையும் கொண்டுபோகும். ஆனால் வெளிச்சம் இல்லாமல் இரண்டு மூன்று நாள் பவளம் தாக்குப் பிடிக்கும். மேகமூட்டம் கடலிலும் உண்டுதானே. எது உயிர் காப்பது, எது அலங்காரம் என்று புயல் பிரித்துக் காட்டிவிடும். வேவ்மேக்கரை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், கூடவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இரண்டும் சேர்ந்தே அந்த லைட்டின் விலையில் கொஞ்சம்தான் ஆகும்.

"பின்னாடி தேவைப்படும், இப்பவே பெரிசா வாங்கிட்டா நல்லது" என்ற வாதத்துக்கு ஒரே வார்த்தையில் பதில்: தேய்மானம். எல்.இ.டி. வருடா வருடம் மங்கும், உப்புக் காற்றில் ஃபேன் துருப்பிடிக்கும், டிரைவர் போகும். 40 சதவீதத்தில் எரிகிற லைட்டுக்கு 100 சதவீத விலை கொடுத்து, மிச்ச 60ஐ அலமாரியில் தூங்க வைப்பதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. அதை எங்கள் காஸ்டிங் புரொஃபசர் சும்மா கிடக்கும் திறன் என்பார், அதைச் செலவுப் பக்கம்தான் எழுதச் சொல்வார்.

அப்படியானால் என்ன வாங்குவது? மென்மையான வகைகள் உள்ள மேலே சொன்ன தொட்டிக்கு, 450 நானோமீட்டர் ராயல் ப்ளூவும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய, 50 அல்லது 60 வாட் உண்மையிலேயே இழுக்கிற ஒரு லைட் போதும். லென்ஸ் குறுகலாக இருந்தால் நடுவில் சுட்டுவிட்டு ஓரத்தில் இருட்டாக்கும், அகலமாகப் பரவுவதைப் பாருங்கள். முதல் வாரம் 30 சதவீதத்தில் ஆரம்பித்து ஒரு மாதத்தில் மெதுவாக ஏற்றுங்கள். ஜோவாந்திட் கழுத்தை நீட்டிக்கொண்டு உயர்ந்தால் வெளிச்சம் போதவில்லை, மஷ்ரூம் சுருங்கி வெளிறினால் அதிகம். பார் மீட்டர் விலை அதிகம்தான், ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படாது. பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம், சீட்டுப் பிடிக்கத் தெரிந்த ஊர்தானே இது.

கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். சுவரில் எத்தனை வாட் இழுக்கிறது? ஒன்றரை அடி ஆழத்தில், நடுவிலும் ஓரத்திலும் எத்தனை பார்? அடுத்த அலமாரியில் இருக்கிற அந்தப் பவளத்தின் பெயரைப் பில்லில் எழுதித் தருவீர்களா? முதல் கேள்விக்குப் பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். இரண்டாவதற்குச் சிரிப்பார். மூன்றாவதற்கு, "தம்பி, நீ எந்த காலேஜு?" என்பார்.